பெரிய கோயில் நிழலில் நின்றுகொண்டே "நிழல் விழாது" என்று நம்புவது எப்படி?

வரலாற்று_வாத்தியார்:
கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். மாலை நான்கு மணி. வெயிலுக்கு ஒதுங்கி, சண்டிகேசுவரர் சந்நிதி தாண்டி, கருவறைமேல் எழும் கோபுரமான விமானத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒருவர் தன் கூட்டத்திடம், "இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்றார். என் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். நிழல் அவர்கள் மடிமேலேயே கிடந்தது! கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். கண்ணால் பார்ப்பதைவிட அந்தப் பேச்சு ஏன் பெரிதாகப் போகிறது?

மனநூல்_மாணவி:
சார், பிரமிப்பு வரும்போது "தெரியவில்லை" என்று சும்மா இருப்பது கடினமாகிவிடுகிறது. உடனே ஒரு விடை வேண்டும், அதுவும் "யாரோ நினைத்துச் செய்தார்" என்ற விடை. வால்டெசோலோ, கிரஹாம் என்ற உளவியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். மலைக்கவைக்கும் இயற்கைக் காட்சிகளைப் பார்த்தவர்களிடம் தெய்வச்செயல்மேல் நம்பிக்கை கூடியிருந்தது. தாறுமாறாக உருவாக்கிய எண்வரிசையைக்கூட, மனிதர் யோசித்து எழுதியதாக இருக்கும் என்று அவர்கள் கருதினார்கள். உங்கள் பிள்ளைகளும் நிழலைக் கணக்குப் பார்க்கவில்லை. இருநூறு அடிக்கும் மேலான அந்த உயரத்துக்கு ஈடான ஒரு காரணத்தைத் தேடினார்கள், அது கையில் கிடைத்தது.

கல்வேலை_குடும்பம்:
நிழல் கதைக்கு ஒரு சின்ன ஆதாரம் இருக்கிறது. ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் பின்பாதியில் நடுப்பகலில் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில் நிற்கும். விமானத்தின் அடிப்பகுதி அகலம், மேலே போகப் போகக் குறுகல். அதனால் அந்த நேரத்தில் நிழல் கட்டடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மற்ற நேரமெல்லாம் நன்றாகவே விழும்.

எனக்கு வருத்தம் வேறு. உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்கிறார்கள். பல துண்டுகளை இணைத்த வேலை அது என்று ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அந்த உயரத்தில் கல்லோடு கல் இசைய வைத்தது கல்தச்சர்களின் கை. ஒற்றைக்கல் என்று சொல்லும்போது அந்தக் கையே காணாமல் போகிறது. டெல்டா மண்ணில் கருங்கல்லே கிடையாது, அத்தனையும் வெளியிலிருந்து வந்தது. அதைச் சொன்னாலே பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

மனநூல்_மாணவி:
அருமை அண்ணா. மனம் "யார் செய்தது?" என்றுதானே கேட்கிறது? சார், அதற்குப் பதிலாகப் பெயர்களையே கொடுத்துவிடுங்களேன்.

வரலாற்று_வாத்தியார்:
பெயர்கள் கோயிலிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன அம்மா. குஞ்சரமல்லன் என்ற இராஜராஜப் பெருந்தச்சன் இருக்கிறார். பெருநாவிசன் என்று பட்டம் பெற்ற நாவிதர்கூட இருக்கிறார். தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயிலில் ஆடல் பணி செய்தவர்கள், நானூறு பேர், யார் எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை! ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அடுத்த முறை விமானத்தை அண்ணாந்து பார்க்க வைப்பதற்கு முன்னால் அந்தக் கல்வெட்டுப் பக்கம் கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர், தேடிப் படித்துக் காட்ட வேண்டும். சோழர்கால எழுத்தைப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி எளிய அட்டவணை யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.