சும்மா இருக்கும் மடிக்கணினியில் சிபியு ஏன் ஓய்வதில்லை?

கேள்வி:
வணக்கம். பழைய மடிக்கணினி ஒன்றில் விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன். எந்த நிரலையும் திறக்காதபோதும் சிபியு (கணினியின் மையச் செயலி) பயன்பாடு 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. விசிறியும் இரைந்துகொண்டே இருக்கிறது. வைரஸ் சோதனையில் எதுவும் சிக்கவில்லை. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
கணினி சும்மா இருக்கும்போதுதான் விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளைத் தொடங்கும். மவுசை அசைத்ததும் அவற்றில் பல அடங்கிவிடும். அடங்காவிட்டால், டாஸ்க் மேனேஜரில் (ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் விண்டோஸ் கருவி) சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கி, முதலிடத்தில் நிற்பது எதுவென்று எழுதுங்கள்.

கேட்டவர்:
'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' முதலிடத்தில் நிற்கிறது, ஐயா. அதை நிறுத்தவும் முடியவில்லை.

மறுமொழி 2:
அது நிரலே அன்று. வன்பொருள்கள் தங்களைக் கவனிக்கச் சொல்லி அனுப்பும் குறுக்கீடுகளுக்குச் சிபியு செலவிடும் நேரத்தைத்தான் டாஸ்க் மேனேஜர் அந்தப் பெயரில் காட்டுகிறது. ஆகவே விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன் (பலரும் அவசரப்பட்டு அதைத்தான் செய்கிறார்கள்) யுஎஸ்பி கருவிகளைக் கழற்றிப் பாருங்கள். பயனில்லையெனில், டிவைஸ் மேனேஜரில் (வன்பொருள்களைப் பட்டியலிடும் விண்டோஸ் கருவி) வைஃபை, ஒலி அட்டை, கார்டு ரீடர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக முடக்குங்கள்; எதை முடக்கியதும் பயன்பாடு சட்டென்று விழுகிறதோ, அதன் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் புதுப்பியுங்கள். வட்டை இயக்கும் டிஸ்க் கன்ட்ரோலரை மட்டும் தொடாதீர்கள்.

கேட்டவர்:
கார்டு ரீடரை முடக்கியதும் விசிறி அடங்கிவிட்டது. அதை நான் பயன்படுத்துவதே இல்லை என்பதால் அப்படியே விட்டுவிடுகிறேன். மிக்க நன்றி.