ஒப்புகைச் சீட்டுகளை ஏன் முழுவதும் எண்ணக் கூடாது?

பரிசோதகர்:

எங்கள் குடியிருப்பில் 80 வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு தேர்தலிலும் வாக்களிக்கத் தவறியதில்லை. நேற்று மாலை என்னிடம் கேட்டார்: "பட்டனை அழுத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நான் போட்ட சின்னம் அச்சாகி வந்தது. ஏழு விநாடி தெரிந்தது, பிறகு உள்ளே விழுந்துவிட்டது. முடிவு சொல்லும்போது அந்தச் சீட்டை எடுத்து எண்ணுவார்கள் அல்லவா?"

சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளைத்தான் எண்ணுவார்கள், மற்றவை பெட்டியிலேயே இருக்கும் என்றேன். "அப்படியானால் எனக்கு எதற்குக் காட்டினார்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மின்னணுக் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். இயந்திரத்தில் மோசடி நடந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாமல் அப்படிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் கிடையாது. என் கேள்வி வேறு. சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், நியாயமான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது என்றது. 2019 மக்களவைத் தேர்தலிலிருந்து எல்லாச் சாவடிகளிலும் அந்தக் காகிதம் அச்சாகிறது. அச்சடிக்கிறோம், முத்திரை வைக்கிறோம், காவல் போடுகிறோம். எண்ண மட்டும் மாட்டோம் என்றால் அது எப்படிச் சான்றாகும்?

சாவடி ஆசிரியை:

தம்பி, நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 1996 முதல் தேர்தல் பணி பார்க்கிறேன். பல முறை சாவடியின் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். உங்கள் கேள்வி நியாயமானதுதான், ஆனால் ஒரு சாவடிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு வேட்பாளர்களின் முகவர்களை எதிரே உட்கார வைத்து மாதிரி வாக்குப்பதிவு நடத்துகிறோம். குறைந்தது 50 வாக்குகள். எந்தச் சின்னத்துக்கு எத்தனை விழுந்தது என்று முகவர்களும் தாளில் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். வாக்குகளைக் கணக்கு வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் முடிவைப் பார்த்து, விழுந்த சீட்டுகளையும் எண்ணி, இரண்டும் ஒத்துப்போன பிறகே எல்லாவற்றையும் அழிக்கிறோம். திரையில் பூஜ்யம் தெரிவதை எல்லோருக்கும் காட்டுகிறோம். மாதிரிச் சீட்டுகள் கறுப்பு உறைக்குள் போய்விடும். பச்சைத் தாள் முத்திரையில் முகவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இத்தனையும் முடிந்து ஏழு மணிக்குத்தான் முதல் வாக்காளர் உள்ளே வருகிறார்.

இயந்திரத்துக்கு இணையத் தொடர்பு கிடையாது. எது எந்தச் சாவடிக்குப் போகும் என்பதைக் கணினியில் இரண்டு முறை குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். வேட்பாளர் பெயர்கள் அகர வரிசையில் வருவதால், எங்கள் தொகுதியில் 3ஆவது பட்டனில் இருக்கும் சின்னம் பக்கத்துத் தொகுதியில் 7ஆவதில் இருக்கும். யாருக்குச் சாதகமாக எதை முன்கூட்டியே மாற்றி வைக்க முடியும்?

எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற மனுவை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு தள்ளுபடி செய்துவிட்டது. அதுவரை 4 கோடிக்கும் அதிகமான சீட்டுகளை ஒப்பிட்டதில் வாக்கு மாறிப்போனதாக ஒன்றுகூட இல்லை என்று தேர்தல் ஆணையம் அங்கே சொன்னது. இதற்கு மேலும் சந்தேகப்பட்டால், வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்த மக்கள்தான் மனம் சோர்ந்துபோவார்கள்.

பரிசோதகர்:

டீச்சர், உங்கள் உழைப்பின் மேல் எனக்கு ஒரு துளியும் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் சொன்னவற்றில் பாதி, தேர்வுக்கு முன் நடக்கும் ஒத்திகை. ஒத்திகையில் சரியாக நடந்த கருவி பிறகும் சரியாகத்தான் நடக்கும் என்று எங்கள் தொழிலில் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். 2015இல் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது நினைவிருக்கும். தான் சோதனைக்கூடத்தில் ஓடுகிறோமா சாலையில் ஓடுகிறோமா என்பதைக் காரின் மென்பொருளே கண்டுகொண்டு, சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டியது. நம் இயந்திரமும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. 50 வாக்கு மாதிரிச் சோதனை அதற்குப் பதிலாகாது என்கிறேன்.

அகர வரிசை வாதமும், ஒப்புகைச் சீட்டை அச்சிடும் பெட்டியான விவிபாட் வருவதற்கு முன்பு வலுவாக இருந்தது. இப்போது வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகு சின்னங்களை விவிபாட்டில் ஏற்றுகிறார்கள். வாக்குப்பதிவுக் கருவியின் கேபிளும் அதன் வழியாகத்தான் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகிறது. ஏற்றுவது வெறும் படம்தான், நிரல் அல்ல என்ற விளக்கத்தை 2024 தீர்ப்பில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டாலும், சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு 45 நாள் வைத்திருக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். கேள்வியில் பொருள் இல்லையென்றால் அந்த உத்தரவுக்கு என்ன தேவை?

ஜெர்மனியில் 2005 தேர்தலில் நெடாப் நிறுவனத்தின் வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பயன்படுத்தினார்கள். முறைகேடு நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. அப்படியிருந்தும் 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தப் பயன்பாடு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. தொழில்நுட்ப அறிவு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகனும் வாக்கு எண்ணிக்கையின் முக்கியமான கட்டங்களைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே அதன் காரணம். எங்கள் பெரியவர் கேட்டதும் அதேதான்.

மையும் முத்திரையும்:

இவ்வளவு வாதம் எதற்கு? பழைய ஓட்டுச்சீட்டுக்கே திரும்பிவிடலாம். முத்திரை குத்தினோம், மடித்துப் பெட்டியில் போட்டோம், கண் முன்னால் கொட்டி எண்ணினார்கள். அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சாவடி ஆசிரியை:

ஐயா, அன்றைக்குச் சந்தேகம் வரவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாக முத்திரை குத்திப் போட்ட கதைகளை நாடே பார்த்தது. 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டதால் ஓட்டுச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது.

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இன்றும் ஓட்டுச்சீட்டுதான். 2020 ஜனவரி 2 அன்று நான் எண்ணும் மேசையில் இருந்தேன். நான்கு பதவிகளுக்கு நான்கு நிறச் சீட்டுகள், எல்லாம் கலந்து கிடக்கும். முதலில் நிறம் பிரிக்க வேண்டும், பிறகு வார்டு வாரியாக, பிறகு சின்னம் வாரியாக. ஒரு சீட்டில் முத்திரை இரண்டு சின்னங்களுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் விழுந்திருந்தது. அந்த ஒரு சீட்டுக்காக இரண்டு பக்கத்து முகவர்களும் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். எண்ணிக்கை மறுநாளும் ஓயவில்லை.

ராதாபுரத்தை மறந்துவிட்டீர்களா? 2016 சட்டமன்றத் தேர்தலில் 49 வாக்கு வித்தியாசத்தில் இன்பதுரை வென்றார், அப்பாவு தோற்றார். வழக்கின் மையம் 203 தபால் வாக்குகள். தலைமை ஆசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லுமா செல்லாதா என்பதுதான் பிரச்சினை. மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகிவிட்டது. எண்ணி முடித்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் காலம் பெரும்பகுதி கழிந்துவிட்டது. மனிதக் கை படுகிற இடத்தில்தான் தகராறு பிறக்கிறது. இயந்திரத்தில் செல்லாத வாக்கு என்ற பேச்சே கிடையாது.

பூத் முகவர்:

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான், அதனால் ஒரு வார்த்தை. எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம்.

டீச்சர் சொன்னது சரி, மனிதக் கையில்தான் தவறு நடக்கிறது. ஆனால் இயந்திரம் வந்தபிறகும் எண்ணைப் பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் மனிதக் கைதானே? அரியானாவில் பானிபட் மாவட்டத்துப் புவானா லாக்கு கிராமத்தில் 2022 நவம்பரில் ஊராட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு சாவடியின் கணக்கில் இரண்டு வேட்பாளர்களின் எண்கள் இடம் மாறிவிட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இயந்திரங்களை டில்லிக்கே வரவழைத்து 2025இல் பதிவாளர் முன்னிலையில் எண்ணினார்கள். தோற்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,051, வென்றவருக்கு 1,000. இயந்திரம் முதல் நாளிலிருந்தே சரியான கணக்கைத்தான் வைத்திருந்தது. அதைத் திறந்து பார்க்க ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆயின.

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் 17சி படிவத்தின் நகலை முகவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மொத்தம் எத்தனை வாக்கு பதிவானது என்பது அதில் இருக்கும். எங்களில் பலர் அதை வாங்குவதே இல்லை. பசி, அசதி, வீட்டுக்குப் போனால் போதும் என்ற நினைப்பு. அந்த முறை நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எண்ணும் நாளில் மேசையில் இருந்த தாளில் 614 என்று எழுதியிருந்தது, என் நகலில் 641. கையை உயர்த்தினேன். கருவியின் 'டோட்டல்' பட்டனை அழுத்திக் காட்டினார்கள், 641. அவசரத்தில் எண்ணைப் புரட்டி எழுதியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. பத்து நிமிடத்தில் தீர்ந்தது. நகல் இல்லாவிட்டால் அந்த 27 ஊரெங்கும் வதந்தியாகிப் போயிருக்கும்.

பரிசோதகர்:

இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். உங்கள் கையில் ஒரு தாள் இருந்தது, பத்து நிமிடத்தில் தீர்ந்தது. பானிபட்டில் பார்க்க விடவில்லை, 3 ஆண்டு ஆனது.

ஓட்டுச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இயந்திரமும் இருக்கட்டும், காகிதமும் இருக்கட்டும், இரண்டையும் ஒப்பிடும் அளவு மட்டும் கூடட்டும். கணக்கைப் பாருங்கள். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 300 சாவடிகள் என்று வைத்துக்கொள்வோம். 30 சாவடிகளில் கோளாறு இருந்தால், குலுக்கி எடுக்கும் ஐந்தில் ஒன்றாவது அகப்பட நூற்றுக்கு 41 வாய்ப்புதான். 3 சாவடிகளில் மட்டும் கோளாறு என்றால் நூற்றுக்கு 5. 4 கோடிச் சீட்டு என்பது நாடு முழுவதற்குமான கணக்கு. பெரிய அளவில் எதுவும் நடக்கவில்லை என்பதற்கு அது நல்ல சான்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு தொகுதியும் தனித் தேர்தல். 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 வாக்குகள். 69 வாக்கு இடம் மாறினால் முடிவே மாறிவிடும். அதற்கு ஒரே ஒரு சாவடி போதும். அந்தச் சாவடி ஐந்தில் ஒன்றாக வர நூற்றுக்கு 2 வாய்ப்புகூட இல்லை.

தேர்தல் நடத்தை விதிகளில் 56டி விதியின்படி வேட்பாளர் சீட்டுகளை எண்ணக் கேட்கலாம், வித்தியாசம் வந்தால் காகிதக் கணக்கே செல்லும். நல்ல விதி. ஆனால் அனுமதிப்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில். 2024 தீர்ப்பு தந்த வழியில் 2ஆம், 3ஆம் இடம் வந்தவர்கள் மட்டும், 7 நாளுக்குள், தங்கள் செலவில், 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம். ஓர் இயந்திரத் தொகுப்புக்கு 2024இல் ஆணையம் வைத்த கட்டணம் வரியுடன் 47,200 ரூபாய். சுயேச்சையாக நின்று 3ஆம் இடம் வந்தவர் இதைக் கட்டுவாரா? 2024 டிசம்பரில் 93ஆம் விதியைத் திருத்தி, சாவடி கேமராப் பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கும் வழியையும் குறுக்கிவிட்டார்கள். நம்பச் சொல்கிறவர்கள் ஜன்னலைத் திறக்க வேண்டும், இங்கே ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

சாவடி ஆசிரியை:

ஜன்னலை மூடுவது பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. எண்ணுவது பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் கையால் செய்திருக்கிறேன்.

வங்கிக் காசாளர் கூண்டு மாதிரி கம்பி வலை அடித்த அறை. உள்ளே புறாக்கூடு போலத் தடுப்புகள், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒன்று. சீட்டு சுருண்டு சுருண்டு வரும், ஒவ்வொன்றாக நீவி, முகவர்களுக்குக் காட்டி, 25 சீட்டுக்கு ஒரு கட்டாகப் போட வேண்டும். ஒரு சாவடிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. 50 சதவீதம் எண்ணினால் முடிவு 5 நாளுக்கு மேல் தள்ளிப்போகும் என்று 2019இல் ஆணையம் நீதிமன்றத்தில் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

பரிசோதகர்:

டீச்சர், அது ஒரே கூண்டில் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணினால்தானே? இயந்திரங்களை எண்ண 14 மேசைகள் போடுகிறோம். சீட்டுக்கும் 14 மேசை போட்டால் 300 சாவடிக்கு 22 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தால் 3 நாள். அதுவும் எல்லாத் தொகுதிக்கும் வேண்டாம். வித்தியாசம் குறைவாக இருந்தால் முழுவதும், அதிகமாக இருந்தால் இப்போது போல ஐந்து. சீட்டில் பட்டைக் குறியீடு அச்சடித்து இயந்திரத்தாலேயே எண்ண முடியுமா என்று ஆராயும்படி உச்ச நீதிமன்றமே யோசனை சொல்லியிருக்கிறது.

சாவடி ஆசிரியை:

வித்தியாசம் 500க்குள் இருக்கும் தொகுதிக்கு மட்டும் என்றால் எனக்குச் சம்மதம். மறுநாள் வேறு குழு வர வேண்டும். இரண்டு இரவு தூங்காத கண்ணோடு எண்ணினால் 614க்கும் 641க்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாத் தொகுதியிலும் முழுவதும் எண்ண வேண்டும் என்பதை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை.

பரிசோதகர்:

இன்று காலை பெரியவரிடம் இவற்றையெல்லாம் படித்துக் காட்டினேன். கம்பி வலைக் கூண்டு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அந்தச் சீட்டு எண்ணும்போது நான் போய் நின்று பார்க்க முடியுமா?" என்று கேட்டார். முடியுமா, டீச்சர்?

சாவடி ஆசிரியை:

வாக்காளராக வந்தால் வளாகத்துக்குள்ளேயே விட மாட்டார்கள். வேட்பாளர் ஒருவர் 18ஆம் படிவத்தில் அவரை எண்ணும் முகவராக நியமித்தால் வரலாம், சுயேச்சையாக நிற்பவர் நியமித்தாலும் செல்லும். எண்ணிக்கைக்கு முன்பே படிவத்தைக் கொடுத்து அடையாள அட்டை வாங்கிவிட வேண்டும். காலை 8 மணிக்குத் தபால் வாக்கில் தொடங்கும். சீட்டு எண்ணுவது கடைசியில்தான், இரவு ஆகிவிடும். சாப்பாடும் மாத்திரையும் கையில் எடுத்து வரச் சொல்லுங்கள்.