சிஏ-125 கூடுனா கேன்சர் தானா?

அக்காவுக்கு ஓவரியில (சினைப்பையில) கட்டி இருக்குன்னு ஸ்கேன்ல வந்துச்சு, பிளட் டெஸ்ட்ல சிஏ-125 (ஓவரி கேன்சர்ல ஏறக்கூடிய ஒரு புரதம்) 62ன்னு இருக்கு, 35க்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கான், வயசு 34தான், ரொம்ப பயமா இருக்குங்க.

பதில் 1:
பதறாதீங்க. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளியில வளர்றது), ஃபைப்ராய்டு (கர்ப்பப்பையில வர்ற கேன்சர் இல்லாத கட்டி), ஏன் பீரியட்ஸ் டைம்ல கூட அது ஏறும். மெனோபாஸுக்கு முன்னாடி இந்த நம்பரை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்தப்ப பீரியட்ஸ் இருந்துச்சா?

பதில் 2:
எச்இ4ன்னு இன்னொரு பிளட் டெஸ்ட் எடுத்தாச்சா? அது எண்டோமெட்ரியோசிஸ்ல அவ்வளவா ஏறாது, அதனால சிஏ-125, எச்இ4 ரெண்டையும் சேர்த்து, கேன்சர் ரிஸ்க் எவ்வளவுன்னு பார்க்க ரோமான்னு ஒரு ஸ்கோர் போடுவாங்க. சின்ன வயசுக்காரங்கன்னா ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச்னு வேற பிளட் டெஸ்ட்டும் கேப்பாங்க, அது ஜெர்ம் செல் கட்டிக்காக (முட்டை உருவாகுற செல்லுல இருந்து வர்ற கட்டி).

பதில் 3:
திரும்ப எடுத்து நார்மல்னு வந்தாலும் சும்மா விட்றாதீங்க, ஓவரி கேன்சர் ஆரம்ப ஸ்டேஜ்ல பாதி பேருக்கு சிஏ-125 ஏறாது. ஸ்கேன்ல கட்டி எப்படி இருக்குன்றதுதான் முக்கியம், கைனக் ஆன்காலஜிஸ்ட்ட (பெண்களுக்கான கேன்சர் டாக்டர்) காட்டுங்க.

கேட்டவர்:
ஆமாங்க, பீரியட்ஸ் ரெண்டாவது நாள்தான் எடுத்தாங்க!! ரிப்போர்ட்டோட டாக்டர்ட்ட இதையும் சொல்றோம்.