புதுப்பிப்பு: பெர்லின் பால்கனிக் கஞ்சாச் செடிகள் அறுவடைக்கு வந்துவிட்டன

அடியிலைகள் மஞ்சளாகின்றனவே, நைட்ரஜன் போதவில்லையா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலர் சொன்னதுதான் சரி. பூக்கும் பருவத்தின் கடைசியில் செடி பழைய இலைகளிலிருந்து சத்தை இழுத்துக்கொள்வது இயல்பு, அதனால் உரம் போடாமல் விட்டுவிட்டேன்.

உண்மையான பயம் சாம்பல் பூஞ்சைதான். அக்டோபர் மழையும் குளிரும் சேர்ந்தால் தடித்த பூங்கொத்து உள்ளிருந்தே அழுகத் தொடங்கும், வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும், ஆகவே தினமும் ஒவ்வொரு கொத்தையும் விலக்கிப் பார்த்தேன், மழை வந்தால் தொட்டிகளை உள்ளே இழுத்தேன். பூக்களின் மேலுள்ள நுண்ணிய பிசின் சுரப்பிகள் லென்ஸில் பால்போல வெளுத்ததும் வெட்டியாயிற்று. இப்போது இருட்டறையில், 18 டிகிரியில், காற்றோட்டத்தோடு தொங்குகின்றன. சிறு காம்பு வளையாமல் முறியும் வரை தயவுசெய்து யாரும் ஜாடியில் அடைக்காதீர்கள், அங்கேயும் பூஞ்சை வரும்.

அப்புறம், சட்டம் கேட்டவர்களுக்கு: ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயது நிரம்பியவர் 3 செடிகள் வளர்க்கலாம். உலர்ந்தது வீட்டில் 50 கிராம் வரைதான், குழந்தைகளுக்கு எட்டாதபடி பாதுகாப்பாக வைக்க வேண்டும். நண்பருக்குச் சும்மா கொடுப்பதற்கும் அனுமதி இல்லை.