'பெருஞ்சோறு' என்றால் சரியாக என்ன?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. தொல்காப்பியம் வஞ்சித் திணையில் (பகைவர் நாட்டின் மேல் படையெடுப்பதைப் பாடும் பகுதி) 'பிண்டம் மேய பெருஞ்சோற்று நிலை' என்று ஒரு துறை, அதாவது உட்பிரிவு, வருகிறது. போருக்குக் கிளம்பும் படைக்கு அரசன் சோற்றுத் திரளை தந்து விருந்து வைப்பது என்று உரை சொல்கிறது. சரி, அது புரிகிறது.

புறநானூறு 2-இல் சேர மன்னன் உதியஞ்சேரலாதன் 'பெருஞ்சோற்று மிகுபதம் வரையாது' கொடுத்தான் என்று வருவதைப் பாரதப் போரில் இருபடைக்கும் இட்ட சோறு என்கிறார்கள். ஆனால் அகநானூறு 233-இல் அதே உதியன், துறக்கம் (சொர்க்கம்) எய்திய முதியரைப் பேணிப் பெருஞ்சோறு கொடுக்கிறான்; பேய்க்கூட்டம் வேறு வந்து குழுமுகிறது! அங்கே இது முன்னோர்க்கான படையல் போலத்தான் எனக்குப் படுகிறது.

அப்படியானால் இரண்டும் ஒரே சடங்கா? வேந்தனுக்கு மட்டுமே உரிய செயலா, சிறுகுடித் தலைவனும் செய்யலாமா? கல்வெட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தவர்கள் இருந்தால் வரியோடு போடுங்கள்.