பெயரை நம்பாமல் லேப்டாப், டெஸ்க்டாப், மாடல் வாரியாக கலெக்‌ஷன் பிரிப்பது எப்படி?

கேள்வி
மைக்ரோசாஃப்டின் கணினி நிர்வாக மென்பொருளான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் சுமார் 900 மெஷின்கள், டெல்லும் லெனோவோவும் கலந்து. பயாஸ் (மெஷினைத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மாடல் வாரியாகப் போக வேண்டும், டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும் பிட்லாக்கர் பாலிசி லேப்டாப்புக்கு மட்டும். இப்போது கணினிப் பெயரின் முன்னெழுத்தை வைத்துத்தான் மெஷின் குழுவான கலெக்‌ஷன் ஓடுகிறது. பெயர் மாறாமல் கைமாறிய மெஷின்கள் தப்பான இடத்தில் நிற்கின்றன. வேறு வழி உண்டா?

பதில் 1
க்வெரி ரூல் போடுங்கள், நிபந்தனைக்குப் பொருந்தும் மெஷின் தானாகச் சேரும். மெஷின் தன்னைப் பற்றி அனுப்பும் விவரங்களில் சிஸ்டம் என்க்ளோஷர் என்ற கிளாஸில் (தகவல் தொகுப்பு), மெஷினின் உடல் வகையை எண்ணாகச் சொல்லும் சேஸிஸ் டைப்ஸ் என்ற புலம் இருக்கிறது. 8, 9, 10, 14 லேப்டாப் வகை. 31, 32 இரண்டையும் மறக்காதீர்கள். மடக்கித் திருப்புவதும் கீபோர்டு கழற்றுவதும் அங்கேதான் வரும். டெஸ்க்டாப்புக்கு 3, 4, 6, 7, ஆல்-இன்-ஒன்னுக்கு 13, மினி பிசிக்கு 35.

‘லேப்டாப் இல்லாததெல்லாம் டெஸ்க்டாப்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். டாக்கில் (மானிட்டர், கீபோர்டு இணைக்கும் பெட்டி) செருகிய லேப்டாப் 10-உடன், டாக்கைக் குறிக்கும் 12 என்று இன்னொரு வரியும் அனுப்பலாம். அந்த 12 உங்கள் நிபந்தனைக்குப் பொருந்திவிடும், ஒரே மெஷின் இரண்டு கலெக்‌ஷனிலும் உட்கார்ந்துகொள்ளும். எண்களை நேராகவே குறிப்பிடுங்கள்.

ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் மென்பொருள்) உருவாக்கும் விர்ச்சுவல் மெஷினும் 3 என்றே சொல்லும். மாடல் ‘விர்ச்சுவல் மெஷின்’ என்றிருப்பதை விலக்குங்கள். தயாரிப்பாளர் மைக்ரோசாஃப்ட் என்று பார்த்து விலக்கினால் அவர்களே தயாரிக்கும் சர்ஃபேஸும் சேர்ந்து போய்விடும்.

பதில் 2
டெல்லுக்கு மாடல் புலத்தில் ‘லாட்டிட்யூட்’ என்று பெயரே இருக்கும். லெனோவோவில் அங்கே மெஷின் டைப் குறியீடுதான். முதல் நான்கு எழுத்தை க்வெரியில் லைக் (பகுதிப் பொருத்தம்) போட்டுப் பிடியுங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு குறியீடு இருக்கும்: எக்ஸ்1 கார்பன் ஜென் 9-க்கு 20எக்ஸ்டபிள்யூ, 20எக்ஸ்எக்ஸ். ஒன்றை விட்டால் பாதிப் பேருக்கு பயாஸ் போகாமல் நிற்கும். பெயராகவே வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் சிஸ்டம் ப்ராடக்ட் கிளாஸின் வெர்ஷன் புலம். கிளையன்ட் செட்டிங்ஸில் அந்த கிளாஸுக்கு டிக் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
க்வெரி வேலை செய்கிறது, நன்றி. ஆனால் புது மெஷின் கலெக்‌ஷனில் வர நாள் கணக்கில் ஆகிறதே?

பதில் 1
மெஷின் விவரங்களைச் சேகரிக்கும் ஹார்டுவேர் இன்வென்டரி டீஃபால்ட்டாக 7 நாளுக்கு ஒருமுறைதான். 1 நாளாக்குங்கள். கலெக்‌ஷனின் முழு அப்டேட்டும் டீஃபால்ட்டில் 7 நாள்தான், அதையும் தினசரியாக்குங்கள். மாற்றங்களை மட்டும் அடிக்கடி பார்க்கும் இன்கிரிமென்டல் அப்டேட்டை மாடலுக்கு ஒன்றென்று எல்லாவற்றிலும் டிக் செய்யாதீர்கள். 200 கலெக்‌ஷனுக்கு மேல் வேண்டாம் என்பதே மைக்ரோசாஃப்ட் பரிந்துரை. அவசரமென்றால் அந்த மெஷினின் கன்ட்ரோல் பேனலில் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து, ஆக்‌ஷன்ஸ் டேபில் ஹார்டுவேர் இன்வென்டரி சைக்கிளை ஓட்டிவிட்டு, கன்சோலில் அப்டேட் மெம்பர்ஷிப் கொடுங்கள்.