80-ஆம் நம்பர் பாவு அறுந்துகொண்டே இருக்கிறது

கேள்வி (கிருஷ்ணகிரி):
குழித்தறியில் (குழிக்குள் கால் வைத்து மிதித்து நெய்யும் கைத்தறி) காட்டன் சேலை நெய்கிறேன். பாவு (நீளவாக்கு இழை), ஊடை (குறுக்கு இழை) ரெண்டுமே 80-ஆம் நம்பர் மெல்லிய நூல். பங்குனி வெயில் ஏறியதிலிருந்து விழுதுக்கும் (பாவு இழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகள்) பண்ணைக்கும் (ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற சட்டம்) நடுவே பாவு இழை அறுகிறது. ஊடையில் தொந்தரவே இல்லை. நூல் மட்டமா?

பதில்:
நூலைக் குறை சொல்லாதீங்க. ஊடை ஒரு தடவை ஓடிப் படுத்துவிடும். பாவு இழையோ ஒவ்வொரு மிதிக்கும் ஏறி இறங்கி, பண்ணைப் பல்லில் உரசிக்கொண்டே வரணும். அதைத் தாங்கத்தான் கஞ்சி போடுறோம். காய்ந்த காற்றில் கஞ்சி மொறுமொறுப்பாகி உதிரும். பண்ணைக்கு அடியில் வெள்ளைப் பொடி கிடக்கா?

கேட்டவர்:
ஆமாங்க, மாவு சலிச்ச மாதிரி.

பதில்:
அப்போ கஞ்சிதான். இப்போதைக்குக் குழிக்குள் தண்ணீர் தெளித்து, பாவுக்குக் கீழே ஈரச்சாக்கு விரிங்க. அடுத்த பாவுக்கு அரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, கொஞ்சமாகத் தேங்காய் எண்ணெய் விடுங்க. கூடினால் சேலையில் கறை தெரியும்.

பதில் (தருமபுரி):
ஒன்று பாருங்க தம்பி. எப்பவும் ஒரே இடத்தில் அறுந்தால் அங்கே பண்ணைப் பல் வளைந்திருக்கும். ஓரத்தில் மட்டும் என்றால் துணி சுருங்கி, கரை இழை சாய்வாக உரசுது. துணியை அகலத்துக்கு விரித்துப் பிடிக்கும் கோலை அடிக்கடி முன்னால் நகர்த்திக் குத்துங்க.